வலை மாட்டிய ரோஜாக்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர். அதனால் நான்காவது படித்த என் தங்கையும் ஐந்தாவது படித்த நானும் ஒரே கரும்பலகையைப் பார்த்துப் படித்தோம். அவள் பார்த்தாள் என்று சொல்வது சரியில்லை. ஜன்னல் வழியாக ராயக்கோட்டை ரோட்டில் போகிற வண்டிகளைத்தான் அவள் பார்ப்பாள். கரும்பலகையைப் பார்த்தது நான். ஒரு எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து பார்ப்பேன்.

அந்தப் பயம் எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்தே உண்டு. மழை வந்தால் ஓட்டு வீடு ஒழுகுமே என்று கவலை, வராவிட்டால் போர்வெல்லில் தண்ணீர் வற்றுமே என்று கவலை. அப்பா ஓசூரிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால், எந்தப் பஸ் எங்கே கவிழ்ந்ததோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். பிற்பாடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பயம் மட்டும் கூடவே வந்தது.

டீச்சர் தெற்கத்திக்காரர். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தவர். ஒருநாள் கரும்பலகையில் ‘தொழில்முனைவோர்’ என்று பெரிதாக எழுதினார். எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் பிடிபடவில்லை. பெரிய கம்பெனி முதலாளி என்றான் ஒருவன். பஸ் ஸ்டாப்பில் மாங்காய் கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்கிறாரே, அவரும்தான் என்றார் டீச்சர். யாரும் ஏவாமல் தானாக ஒன்றைத் தொடங்குகிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று கீழே எழுதிக்கொண்டே போனார். துணிவு முதலில் வந்தது. விடாமல் முயல்வது, புதிதாக யோசிப்பது, எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கவனிப்பது என்று மற்றவை அடுத்தடுத்து வந்தன. நான் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த எதுவும் அதில் இல்லை.

வரும் சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் சந்தை, இருவர் இருவராகச் சேர்ந்து கடை போட வேண்டும் என்றார் டீச்சர். என்னோடு சேர யாரும் வரவில்லை. அதில் நியாயம் இருந்தது. எதைத் தொடங்கினாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவளோடு யார் கடை போடுவார்கள்? தங்கைதான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கையைத் தூக்கினாள்.

“நானும் அக்காவும் டீச்சர்.”

அம்மா அப்போது பூ கம்பெனியில் வேலை பார்த்தார். பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். மொட்டு சீக்கிரம் விரிந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை வலை ஒன்றை மாட்டுவார்கள். அந்த வலையைக் கழற்றிக் கழற்றி வேறு மொட்டுகளுக்கும் போடுவார்கள். காம்பு குட்டையான பூவும் வளைந்த பூவும் அங்கே கழிசல். ஆனால் தலையில் வைத்துக்கொள்கிறவளுக்குக் காம்பு எதற்கு? இதைக் கேட்டது தங்கை. கேட்டதோடு விடாமல், அங்கே சூப்பர்வைசராக இருந்த பெண்ணிடம் அந்தக் கழிசலைக் கேட்டு வாங்கிவரச் சொல்லி அம்மாவை நச்சரித்தாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அம்மா, எங்களுக்காகப் போய்க் கேட்டார். ஒரு வாளி நிறைய ரோஜா வந்தது, வலையோடு.

“வலைய கழட்டாதீங்க, வெயில்ல விரிஞ்சி கொட்டிடும். அதோட வலை ஒண்ணுகூட தொலையக் கூடாது. கம்பெனி சாமான். தொலைஞ்சா அந்தம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது” என்றார் அம்மா.

தங்கைக்கு இந்தக் காதில் போய் அந்தக் காதில் வந்துவிட்டது. எனக்கு அன்று தூக்கமே பிடிக்கவில்லை.

சந்தையில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கடைகள். வேகவைத்த கடலை, மோர், மாங்காய்ப் பத்தை. எங்கள் வாளி மட்டும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

“ஏ, உங்க பூவுக்கெல்லாம் தலையில அடிபட்டு கட்டு போட்டிருக்குதா?” என்றான் பக்கத்துக் கடலைக் கடைக்காரன், எங்கள் வகுப்புப் பையன்.

“உன் கடலைய உரிச்சிப் பாரு. எங்குளுதுல தலைக்கட்டுதான். உன்னுதுல உள்ள ஆளே இல்ல” என்றாள் தங்கை.

முதலில் வந்தவர் தக்காளி டெம்போ ஓட்டுகிறவர், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. வண்டியில் இருக்கிற சாமி படத்துக்கு ஒரு பூ கேட்டார். நான் வாளியை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

“வலைய தர முடியாதுங்க.”

“வலை எனக்கெதுக்கு? கழட்டிட்டு பூவ குடு.”

“கழட்டக் கூடாதுங்க.”

“அப்போ பாத்துட்டுப் போவவா கடை போட்டிருக்கீங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, “போணிக்கு வந்தவன திருப்பி அனுப்பறியே பாப்பா” என்றார்.

அக்கம்பக்கத்துக் கடைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அன்றைய வியாபாரமே அவரோடு போய்விடும் என்பார்கள். எனக்கு அது தெரியும். கழற்றினால் பூ போச்சு, கழற்றாவிட்டால் வலை போச்சு, அனுப்பினால் வியாபாரம் போச்சு. வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். வாளியிலிருந்து ஒரு மொட்டை எடுத்து நீட்டினாள்.

“அண்ணா, கழட்டக் கூடாதுன்னது எங்களத்தான். நீங்க கழட்டலாம். இது மொட்டு விட்டதுல இருந்து வலைக்குள்ளயேதான் இருக்குது. முழுசா மொதல்ல பாக்கப் போறது நீங்கதான்.”

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். தூங்குகிற குழந்தையின் தொப்பியை எடுப்பதுபோல வலையை மெல்ல உருவினார். “ஊதுங்க” என்றாள் தங்கை. அவ்வளவு பெரிய மனிதர் கன்னத்தை உப்பி ஊதினார். இறுக்கியிருந்த இதழ்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் முகமும் அப்படித்தான் தளர்ந்தது.

“வலை மட்டும் இந்தக் கூடையில” என்றாள் தங்கை. அவர் சொன்னபடி போட்டார்.

அதன் பிறகு எங்கள் முன்னால் கூட்டம். பூ வாங்க வந்தார்களா, வலை உருவ வந்தார்களா என்று சொல்ல முடியாது. கடலைக்காரன்கூடத் தன் கடையை விட்டுவிட்டு வந்து, அம்மாவுக்கு என்று சொல்லி ஒன்றை ஊதினான். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வலைகளைக் காவல் காத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஓசூர் ஃபேக்டரி ஒன்றின் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் பள்ளிக்கு எதிரே வந்து நின்றது. எங்கள் ஊரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெளியூர் அக்காக்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஓடிவந்து காசைக் கொடுத்து ஒரு பூவை எடுத்தாள். அதற்குள் ஹாரன் அடிக்கவே, வலையோடு ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

நான் யோசிக்கவில்லை. கூடையோடு ஓடினேன். ரோட்டைத் தாண்டி, நகரத் தொடங்கிய பஸ்ஸைத் தட்டி, அது நின்றதும் உள்ளே ஏறியும் விட்டேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன். ஒரே நிறத்தில் சட்டை போட்ட அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வலை” என்றேன். கூடையை அவளிடம் நீட்டி, “அந்த வலைய குடுத்துடுங்கக்கா. எங்கம்மா கேட்டு வாங்கினாங்க. பூவ நீங்களே வெச்சுக்கங்க” என்றேன்.

“பூ எனக்குத்தானே, காசு குடுத்திருக்கேன்ல” என்று அவள் சிரித்துக்கொண்டே வலையை உருவினாள். பஸ்ஸுக்குள் அந்தச் சிவப்பு விரிந்தது. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“ஏ பாப்பா, இன்னும் இருக்கா?”

“டிரைவரண்ணே, கொஞ்சம் நில்லுங்க.”

“லேட்டானா என்னத்தான் கேப்பாங்க. உங்களையா கேக்கப்போறாங்க?” என்றார் டிரைவர். ஆனால் நிறுத்தித்தான் வைத்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டித் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் இறங்கும்போது வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது. வலைகள் எல்லாம் என் கூடையில் இருந்தன.

டீச்சர் கேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சந்தை முடிந்ததும் என் தோளைப் பிடித்து எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

“ஓடுத பஸ்ஸையே நிப்பாட்டிட்டா பாத்தீயளா? துணிவுன்னா இதாம்ட்டி.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அது துணிவில்லை, அம்மாவால் அந்தச் சூப்பர்வைசர் முகத்தில் முழிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் என்று எனக்கல்லவா தெரியும். டீச்சர் தப்பாகச் சொல்கிறார் என்று எப்படிச் சொல்வது? கூடையிலிருந்த வலைகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.

தங்கை இப்போது கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறாள். ஓசூரைத் தாண்டி, கர்நாடகா பக்கம்வரை அவள் வண்டி போகிறது. வண்டி கிளம்புமுன் என்னிடம் வந்து நிற்பாள். “அக்கா, இன்னைக்கு என்னென்ன தப்பா போவும், சொல்லு.” நான் சொல்வேன். அத்திப்பள்ளி செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும், மண்டபத்தில் தண்ணீர் இருக்காது, ஏணி குட்டையாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். எனக்கு இத்தனை வருடமாக அவள் மேல் தீராத வியப்பு, பயப்படாமல் அவளால் எப்படி அதைக் கேட்க முடிகிறது என்பதுதான்.

அதை அவள் முதன்முதலில் கேட்டது அந்தச் சந்தை முடிந்து வீட்டுக்கு நடந்தபோது. காலி வாளியை ஆட்டிக்கொண்டே, “அடுத்த தடவ நீ எதுக்கெல்லாம் பயப்படறேன்னு மொதல்லயே எங்கிட்ட சொல்லிடுக்கா” என்றாள்.

என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அழுகை முட்டியது. வலைக்கூடையைத் தானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று அவள் கை நீட்டியபோது கொடுக்காமல், வீடுவரை நானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.