நாலு பேர் வீடு

அந்தமானில் ரங்கத்துக்கு அப்பால், காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் வீடுகளுக்கு மலேரியா மருந்து அடிக்கப் போவேன். அடித்து முடித்ததும், வீட்டில் எத்தனை பேர் என்று கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும்.

கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். காதெல்லாம் நரைமுடி, லேசில் இமைக்காத கண்கள்.

"நாலு பேருங்க" என்றார். எழுதினேன். ஆனால் வேறு யாரையும் காணோம்.

"மத்தவங்க?"

"தோட்டத்துல."

கொல்லையில் மூன்று பப்பாளி மரங்கள்தான் நின்றன. ஒன்றின் தண்டைத் தட்டி, "சின்னவளே, காய் ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்றார். சற்று நேரம் காத்திருந்துவிட்டுத்தான் பறித்தார்.

தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்து எனக்கும் போட்டார். ருசியாகத்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் சொன்னார்: "காய்ச்சல்ல மூணு பேரும் ஒரே மாசத்துல போயிட்டாங்க. அந்த மூணு மரத்தடியிலதான் புதைச்சேன். கதவுல மாத்திடாதீங்க பாபு."

தட்டைத் தள்ளி வைத்தேன். கதவில் எழுதியதை மாற்றவில்லை.

அடுத்த வருஷம் போனபோது வீடு பூட்டியிருந்தது. பெரியவர் இறந்துவிட்டார், அவர் கேட்டபடி கொல்லையிலேயே புதைத்தோம் என்றார் பக்கத்து வீட்டு வங்காளி. போய்ப் பார்த்தேன். பப்பாளி நாலு நின்றது.

"நாலாவதை யார் வச்சது?"

"கோயி நஹி, பாபு." யாரும் வைக்கவில்லையாம்.

கதவில் போன வருஷத்து எழுத்து மங்கியிருந்தது. சாக்பீஸை எடுத்து, அதன் மேலேயே மறுபடி நாலு என்று எழுதினேன்.