மருதாத்தாள் வீட்டுக்கு வந்த பார்ட்டி

பெருமாட்டி ஊரில் தேங்காய் வாங்கி விற்கும் மருதாத்தாளுக்குப் பார்ட்டி என்றால் காசோடு வருகிற ஆள். பொள்ளாச்சி லாரி வந்தால், "பார்ட்டி வந்திருச்சு, வெரசா உரிங்கடா" என்று தோப்பே அதிரக் கத்துவாள். புருஷன் போன பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளை அந்தக் கத்தலில்தான் வளர்த்தாள். விலையில் அவளை ஏய்க்கப் பார்த்தவனெல்லாம், "அம்மாடி, பலே பார்ட்டி" என்று தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

பிள்ளைகள் தலையெடுத்ததும் அந்தச் சொல் வீட்டுக்குள் கட்சி வேஷத்தில் நுழைந்தது. மூத்தவன் சிவப்பிரகாஷுக்கு ஒரு பார்ட்டி, இளையவன் பூபதிராஜாவுக்கு எதிர்ப் பார்ட்டி. ஜெயித்தவன் பிரியாணி, பிராந்தி என்று கூத்தடித்தால் அதற்கும் அதே பெயர். இங்கிலீஷ்காரன் இதைப் பிரெஞ்சுக்காரனிடம் வாங்கினானாம். லத்தீன் வேரைத் தோண்டினால் கூறுபோடுவது என்று வருகிறதாம். பாழாய்ப்போன சொல், எத்தனை கடல் தாண்டியும் பிறவிப் புத்தியை விடவில்லை.

பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், முக்கில் கொடிக்கம்பம் நடுவதில் தகராறு. அண்ணன் நட்டதைப் பூபதி பிடுங்கி அவன் முகத்திலேயே அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட, சிவப்பிரகாஷ் பக்கத்து வண்டியிலிருந்த அரிவாளை உருவித் தம்பியின் கழுத்தில் இறக்கினான். அங்கேயே லோடு ஏற்றிக்கொண்டிருந்த மருதாத்தாள் ஓடிவந்து முந்தானையை வைத்து அமுக்கினாள். முந்தானை நனைந்தது, மடி நனைந்தது, பிள்ளை அவள் கையிலேயே செத்தான்.

அந்த அரிவாள் அவளிடம் கூலிக்கு வரும் பழனிச்சாமியுடையது. மூத்தவனின் பார்ட்டிக்காரர்கள் பழியை அவன் தலையில் போட்டு அடித்து, முகம் வீங்க ஸ்டேஷனுக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் அவர்களில் ஒருவன் மருதாத்தாளின் காதோரம் குனிந்தான். "ஏனுங்க்கா, பழனிச்சாமி வெட்டுனான்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. போனவன் போயிட்டான். இருக்கறவனையாவது காப்பாத்துங்க. மத்ததப் பார்ட்டி பாத்துக்கும்."

யார் வெட்டியது என்று எஸ்.ஐ. மருதாத்தாளிடம் கேட்டார். ஒரு பிள்ளைதானே மிச்சம். பழனிச்சாமி அவளைப் பார்க்கக்கூடத் துணியாமல் குந்தியிருந்தான்.

"எம்பட பெரிய பையன் வெட்டுனானுங்க. கண்ணால பாத்தேனுங்க."

பார்ட்டிக்காரர்கள் நடுவே நின்றிருந்த சிவப்பிரகாஷ் பாய்ந்து அவள் இடுப்பில் உதைத்தான். "நீயெல்லாம் பெத்தவளா?"

சுவரில் மோதி விழுந்தவள், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேத்தையும் பெத்தவடா," என்றாள்.