அவளுக்கு எட்டு நிமிடம்

1931ஆம் ஆண்டு ஆகஸ்டு 12, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்குப் போக முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குப் பிரித்து அனுப்பினேன். பதினான்கு பேர். ஒன்பது பேருக்குக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தேன். மூவருக்குக் கால்புண் கழுவிக் கட்டினேன். இருவரைப் படுக்கையில் சேர்த்தேன். மலாயாவில் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது டிரசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். பத்து மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனேன். குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம்.

எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். பெண் முதலில் பிறந்தாள், ஆண் பின்னால். அவன் ஆறு ராத்தல், அவள் நான்கு. ஆஸ்பத்திரித் தராசில் நானே நிறுத்தேன்.

தோட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் எழுதி வைப்பது என் வழக்கம். அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு ஜோடி இரட்டையர்கள் இருந்தார்கள். ஆணும் ஆணுமாகப் பிறந்தவர்கள் எல்லாரும் மெலிந்தவர்கள். பிரசவமும் முன்கூட்டியே ஆகியிருந்தது. ஒரு பெண்ணோடு பிறந்த ஆண் மட்டும் நல்ல எடை. எங்கள் மகனும் அப்படியே. பக்கத்தில் பெண் இருந்தால் பிரசவம் சில நாள் தள்ளிப்போகிறது போலும், அந்த நாட்களில் ஆண் குழந்தை எடை ஏறிக்கொள்கிறது போலும் என்று நினைத்தேன். ஐந்து ஜோடிகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏதோ கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது காய்ச்சலில் கிடந்தாள்.

அந்தக் காய்ச்சலால்தான் கணக்கு வந்தது. அவளால் அதிக நேரம் உட்கார முடியவில்லை, பாலும் குறைவு. ஒரு வேளைக்கு இருபது நிமிடம் என்று வைத்தேன். மருந்தை உடல் எடைக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுத்துப் பழகியவன் நான். பாலையும் அப்படியே பிரித்தேன்: மகனுக்குப் பன்னிரண்டு நிமிடம், மகளுக்கு எட்டு. இரண்டாம் வாரம் காய்ச்சல் விட்டது. பாலும் நன்றாகச் சுரந்தது. நான் கணக்கை மாற்றவில்லை.

அன்று பத்து மணிக்கு நான் போனபோது, பிரசவம் பார்த்த மருத்துவச்சி மனைவிக்குப் பத்தியச் சோறு கொண்டுவந்திருந்தாள். மகன் குடித்து முடித்துத் தூங்கிவிட்டான். மகள் இரண்டு வாய் உறிஞ்சுவாள், கண்ணை மூடுவாள், மறுபடி உறிஞ்சுவாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "எட்டு ஆச்சு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க. இப்பதான் புடிக்கிறா" என்றாள் மனைவி.

"ஆச்சும்மா."

மருத்துவச்சி சிரித்துவிட்டாள். "தோட்டத்து ரப்பர் பால்மரத்தக்கூட சொட்டு நிக்கிற வரைக்கும் விட்டுத்தான் எடுக்கிறாங்க. நீங்க கெடிகாரம் வச்சுப் பால் குடுக்கிறீங்களே டிரசரய்யா! சின்ன வாயி மெதுவாத்தான் குடிக்கும். அதுக்கு மணி பாக்கத் தெரியுமா?"

மனைவி சிரிக்கவில்லை. மகளை மார்பிலிருந்து எடுக்கவும் இல்லை.

"ஏங்க, நீங்கதானே சொன்னீங்க? கூட இவ இருந்ததாலதான் அவன் பெருசாப் பொறந்தான்னு."

"ஆமா."

"அதுக்குத்தான் இவளுக்கு எட்டு நிமிஷமா?"

நான் மகளை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். பிறந்த அன்று இருந்ததைவிடக் கால் ராத்தல் குறைவு. மகனை நாள்தோறும் நிறுத்தேன். இவள் குளிர் தாங்கமாட்டாள் என்று இவளைப் பத்து நாட்களாக நிறுக்காமல் விட்டிருந்தேன். திரும்பி வந்து மனைவியின் மடியில் போட்டு, "எவ்வளவு நேரம் வேணுமானாலும் குடு" என்றேன்.

அதற்குள் மகளுக்கு உறிஞ்சத் தெம்பு போயிருந்தது. காம்பை வாயில் வைத்தால் அப்படியே கிடந்தாள். பாலைப் பீய்ச்சிப் பஞ்சில் நனைத்து உதட்டில் விட்டோம். வழிந்தது. வயிற்றில் வெந்நீர்ப் புட்டி வைத்தேன். பிற்பகல் ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. பதினோரு வருட வேலையில் அதுதான் முதல் முறை. நான்கு மணிக்குச் சற்று முன்பு மூச்சு நின்றது. மருத்துவச்சிதான் முதலில் கண்டுகொண்டு, குழந்தையை மனைவியின் கையிலிருந்து வாங்கினாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முப்பதாம் நாள் இருவருக்கும் பெயர் வைப்பதாக இருந்தோம். அதனால் இறப்புப் பதிவுப் புத்தகத்தில் "டிரசர் மகள்" என்றே எழுதினேன். இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் "பலவீனம்" என்று எழுதினேன். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. இருட்டுவதற்கு முன் சுடுகாட்டு ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை மகன் வேண்டுமட்டும் குடித்துவிட்டுத் தூங்கினான். மனைவியின் மறுபக்கத்து மார்பு, குடிக்க ஆளில்லாமல் பால் கட்டிக் கல்லாக இருந்தது. வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெந்நீர் வைத்தேன். துண்டை நனைத்துப் பிழிந்து ஒற்றடம் கொடுத்தேன். பிறகு அவள் பாலைப் பீய்ச்சி எடுக்க, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.