லாலாங் காட்டுல வெளைஞ்ச கீரை

மொதல்ல மானம் போற விஷயத்தைச் சொல்லிடுறேன். சாட்டிலைட்டையே ஏமாத்திட்டேன்னு கொஞ்ச நாள் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நான்.

மாசாய்ல எங்க பிளாட்டுக்குப் பின்னால ஒரு காலி நிலம். ஆள் உசரத்துக்கு லாலாங் புல்லு. பந்து உள்ள போனா திரும்பாது, பாம்பு மட்டும் திரும்பி வரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை, கையில டேப்லெட்டோட ஒரு பொண்ணு வந்துச்சு. "அங்கிள், எந்தப் பக்கம் காய்கறி சரியா கிடைக்கலன்னு மேப் போடுறோம்." நான் கேட்டைத் தொறக்கல, கம்பி வழியாவே பேசினேன். பெர்மாஸ்ல என் கூட்டாளி ஒருத்தன் பார்சல்னு வந்தவனை நம்பி போனையே பறிகுடுத்தான். காய்கறின்னு வந்தா மட்டும் நம்பிடணுமா?

அது டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுச்சு. சாட்டிலைட்டு மேல இருந்து எடுத்த படம். எங்க கூரை, தண்ணி டேங்கி, ஏதோ ஒரு புள்ளி. நிறுத்தக்கூடாத எடத்துல நான் நிறுத்துற மோட்டார் சைக்கிள்தான் அதுன்னு எனக்கு சந்தேகம்.

"பின்னால பச்சையா இருக்கே அங்கிள், அது தோட்டமா, வெறும் புல்லா? படத்துல தெரியல. இங்க இருக்கிறவங்கதான் சொல்லணும்."

அலமாக்! நிலத்துக்குத்தான் ஆள் வந்தாச்சு. புல்லுன்னு சொன்னா நாளைக்கே வேலி போட்டு கொண்டோ மாடி கட்டிடுவானுங்க.

"தோட்டம்மா. பிளாட் ஆளுங்க எல்லாம் சேந்து போட்டது. கீரை, வெண்டி, கங்கோங்..." வாய் நிக்கல. ரெண்டு முருங்கை மரமும் நட்டுட்டேன்.

"சூப்பர் அங்கிள்"னு எதையோ தட்டிக்கிட்டுப் போச்சு. அந்த சூப்பரும் எனக்குப் பிடிக்கல.

கீழ் வீட்டுல ஒரு அக்கா. இனிப்புநீர் வியாதி, முட்டிவலி வேற. டாக்டர் தெனம் கீரை சாப்பிடச் சொல்லியிருக்காரு. பாசார் வரைக்கும் நடக்க முடியாது. மோட்டார் வச்சிருக்கிற நான்தான் வாங்கிட்டு வரணும். நானும் "நாளைக்குக்கா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அவங்களுக்கு டப்பா சார்டினும் முட்டையும்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு, மலிவா காய்கறி விக்கிற வேன் ஒண்ணு எங்க ரோட்டுக்கு வர ஆரம்பிச்சுச்சு. எதிர் பிளாக்ல நின்னுச்சு, பக்கத்து பிளாக்ல நின்னுச்சு. எங்க பிளாக்கை மட்டும் தாண்டிப் போச்சு. அக்கா கூடையோட படிக்கட்டுக்குக் கீழ நிக்கிறாங்க.

மோட்டாரை எடுத்துத் தொரத்திப் புடிச்சேன். "ஏன்லா நிக்கல? யாரு சொன்னா தாண்டிப் போகச் சொல்லி?"

டிரைவர் போனைப் பாத்தான். "மேப்ல பாத்தா உங்க பிளாக்ல பெரிய தோட்டம் இருக்காமே அண்ணே. முருங்கைகூட இருக்காம். இல்லாதவங்களுக்குத்தான் மொதல்ல."

திரும்பி வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நிலத்தைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னும் சொல்லிப் பாத்தேன். அவங்க கூடையை என் கையில திணிச்சாங்க.

"சட்டி அடுப்புல இருக்கு. போ, நீ போட்ட தோட்டத்துல கீரை பறிச்சுட்டு வா."