மெர்போக்கும் மாமாவின் காதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். அங்கே உயரமான கம்பங்களில் மெர்போக் கூண்டுகள் தொங்கும். மெர்போக் என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு புறா. அதன் கூவலைக் கேட்பதற்காகவே சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஒரு கூட்டம் கோப்பியும் கையுமாக அண்ணாந்து உட்கார்ந்திருக்கும். கீழே குரல் உயர்ந்தால் மேலே பறவை வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். அதனால் அங்கே சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

வார நாள்களில் இதே கூட்டம் ஓர் இணையத்தளத்தில் கூடியது. அதை நடத்தியவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரப் பெரியவர். தினமும் காலையில் பசியாறிவிட்டுத்தான், வந்திருக்கும் பதிவுகளைப் படித்து ஒவ்வொன்றாக வெளியே விடுவார். முந்தின நாள் கொதித்துப்போய் எழுதியவர்கள், விடிந்ததும் அவரைக் கூப்பிட்டு அதைப் போட வேண்டாம் என்று கெஞ்சுவதுண்டு. அப்பாவே கெஞ்சியிருக்கிறார்.

எனக்கு ஒன்பது வயதானபோது எல்லோரும் கைபேசிக் குழுவுக்கு மாறினார்கள். கேட்ட உடனே பதில் வந்தது. அதோடு கோபமும் சுடச்சுட வந்தது. பறவைக்கு எந்தத் தினை நல்லது என்ற பேச்சில் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். ஞாயிறன்று அதே இருவரும் ஒரே தட்டு பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெர்போக் இறகு உதிர்த்தது. இறகு முளைத்தும் கூவவில்லை. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த அப்பா, வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கூண்டின் முன் நின்றுகொள்வார். தேன், முட்டைக்கரு, வெயில், நிழல் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் என்ன செய்யலாம் என்று குழுவில் கேட்டார். முதல் பதில் கடைக்கார மாமாவிடமிருந்து வந்தது. பறவைக்கு ஒன்றுமில்லை, வளர்ப்பவருக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று ஒற்றை வரி. அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

அப்பா ‘பாய்’ என்று கூப்பிடும் கடைக்கார மாமா சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்த புதிதில் யாரையும் தெரியாத அப்பாவுக்கு இந்தச் சிங்கப்பூரில் கிடைத்த முதல் நண்பர். அந்த மெர்போக்கைக் குஞ்சாகக் கையில் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். நேரில் சொல்லியிருந்தால் அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார், அப்பாவும் சிரித்திருப்பார். எழுத்துக்குக் கை ஏது?

அடுத்த ஞாயிறு அப்பா கம்பத்தடிக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அன்று பகலில் குழுவில் யாரோ மறுபடி கிண்டல் செய்ய, பொறுமையிழந்து கைபேசியை வாயருகே கொண்டுபோய் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினார். அத்தனை கோபத்துக்கு அவரிடம் தமிழ் மட்டும்தான் இருந்தது.

“பாய், பத்துப் பேர் என்னைப் பாத்துச் சிரிக்க வச்சிட்டீங்கல்ல? உங்க பறவை எனக்கு வேணாம். நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க!”

எனக்கு அழுகை முட்டியது. அது எங்கள் பறவை, நான் தினமும் தண்ணீர் வைக்கும் பறவை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அப்பாவின் குரல் ஏற ஏற மெர்போக் கூவியது. சத்தம் கேட்டால் வாயை மூட வேண்டும் என்ற சட்டம் அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அப்பா திரும்பிப் பார்த்தபோது பொத்தானிலிருந்து விரல் எடுபட்டு, எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. “சூப்பர் வாய்ஸ் லா!” என்று ஒருவர் எழுத, கட்டைவிரல்கள் குவிந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாமாவின் குரல் வந்தது.

“தம்பி, கூவிருச்சு பாத்தீங்களா! வர்ற ஞாயித்துக்கெழம தூக்கிட்டு வாங்க.”

நல்ல வேளை, கடை இரைச்சலில் மாமாவுக்குப் பறவை மட்டும்தான் கேட்டிருக்கிறது என்று நான் நிம்மதியடைந்தேன். வேறு யாரும் அதை அவருக்கு மறுபடி போட்டுக் காட்டிவிடக் கூடாதே என்று சாமியைக்கூட வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறன்று மாமாவே கயிற்றை இழுத்து எங்கள் கூண்டைக் கம்பத்தில் ஏற்றினார். அப்பாவுக்குக் கோப்பி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா கோப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“பாய், அன்னிக்கு நான்...”

“உஷ்! பறவை கூவுது” என்று மாமா உதட்டில் விரலை வைத்தார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பறவையும் கூவவில்லை. பாவம், மாமாவுக்குக் காது உண்மையிலேயே மந்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.