கலியாணம் முடியட்டும், மிஸ்ஸி

கோப்பாயில் மார்பகப் பரிசோதனைக்குத் தாதியாகப் போயிருந்தேன். ஒரு அம்மாவின் மார்பில் கட்டி ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

"மூத்தவளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு. தாய்க்குப் புற்றுநோய் எண்டால் விட்டிட்டுப் போயிடுவினம். கலியாணம் முடியட்டும், மிஸ்ஸி," என்றார். கெஞ்சினேன், ஏசினேன். கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

எல்லாம் முடிந்து அவர் வந்தபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. என் கையாலேயே கீமோ ஏற்றினேன். உடம்பு தாங்கவில்லை, போய்விட்டார்.

செத்தவீட்டில் அந்த மூத்த மகளிடம், "நீரும் வந்து ஒருக்கால் சோதிச்சுப் பாரும், பிள்ளை," என்றேன். அவள் கூடியிருந்த சனத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெல்லக் கதையுங்கோ, மிஸ்ஸி. தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் முடியேல்லை."