சூலூர்பேட்டை பக்கம் சாய்ந்த கோடு

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்காமல் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் லோடு ஆபீஸ் மிஷினில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டேன். ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்ல நடுவே ஒரு சாய்ந்த கோடு போடணும். விண்டோஸில் அது ஒரு பக்கம் சாயும், லினக்ஸில் மறுபக்கம். லோடு ஆபீஸ் அண்ணனுக்கு ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் எதுவும் மண்டையில் ஏறவில்லை. கம்பெனிக்குப் பின்னால்தான் ரயில் பாதை; அண்ணன் சீட்டில் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் சென்னை, வலது கைப்பக்கம் சூலூர்பேட்டை. "பழசு சென்னை பக்கம் சாஞ்ச கோடு, புதுசு சூலூர்பேட்டை பக்கம் சாஞ்ச கோடுணா" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். பெரிய அறிவாளி என்று எனக்கே நினைப்பு.

அடுத்த வாரம் திருவாலங்காட்டில் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். குழந்தை என் மடியில். வலது காது முடிந்து, ஆசாரி இடது காதுக்கு வரும்போது லோடு ஆபீஸ் அண்ணனிடமிருந்து போன்.

"நைனா, டெஸ்ட் சர்டிபிகேட் பிரிண்ட் ஆவல. அது இல்லாம லாரி கேட்டாண்டயே நிக்குது. மேனேஜரு பேஜாரு பண்றாரு. மதியத்துக்குள்ள லாரி போவலன்னா நீ இனிமே வேலைக்கே வராதன்றாரு."

குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டேன். "சூலூர்பேட்டை பக்கம்தானே போட்ட?"

"சத்தியமா சூலூர்பேட்டை! ஃபைலே இல்லன்னுது."

"போனை வைடா!" அக்கா பல்லைக் கடித்தாள்.

பக்கத்தில் இருந்த பெரியவர், "சூலூர்பேட்டைக்கு இங்கேர்ந்து நேர் வண்டி கெடையாதுப்பா" என்றார். வந்த கோபத்துக்கு அவர் காதையும் குத்தச் சொல்லியிருப்பேன்.

அப்புறம்தான் சந்தேகம் தட்டியது. "ணா, நீ எந்தப் பக்கம் பாத்து உக்காந்துகினு கீற?"

"சாயங்காலம் மூஞ்சில வெயில் அடிக்குதுன்னு நேத்து மேஜைய திருப்பிப் போட்டுகினேன் நைனா."

அடப்பாவி மனுஷா! மேஜை திரும்பினால் சூலூர்பேட்டையும் அல்லவா திரும்பும்! "இனிமே உனக்கு சென்னைணா! எல்லாத்தையும் சென்னை பக்கம் சாய்! சாச்சிட்டியா? இரு... ம், இப்ப அமுக்கு!"

அண்ணன் என்டரை அமுக்கினார். ஆசாரியும் அமுக்கினார். குழந்தை வீலென்று துள்ளியது. போனுக்குள் பிரிண்டரும் கத்த ஆரம்பித்தது.

லாரி போனது, என் வேலை பிழைத்தது. அக்கா மூன்று மாசம் என்னோடு பேசவில்லை.

அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறாள். இடது கம்மல் மட்டும் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் தொங்கும். எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காது. தீபாவளிக்குத் தீபாவளி புதுக் கம்மல் வாங்கிக்கொண்டு போவேன். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

"லாரியாவது நேரா போச்சா மாமா?"